புதன்கிழமை ஓ.பி.

போன ஞாயிறு போடியில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, மண்டப வாசலில் காற்று வரும் இடமாகப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் சொந்தத்தில் ஒரு அண்ணன், வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே குடித்துவிட்டுச் சலம்பிக்கொண்டிருந்த இரண்டு பையன்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, நீயும் இருபத்தாறு வருசம் இந்தக் குடிகாரப் பயல்களோட மாரடிச்ச. ஒருத்தனாவது திருந்துனானா? ஓ.பி.யில சீட்டு எழுதி, கவுன்சலிங் குடுத்து, மாத்திரை குடுத்து... எல்லாம் தண்டம். பிடிச்சு உள்ள போட்டு ஆறு மாசம் பூட்டி வச்சாத்தான் சரிப்படுவானுக."

கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு தூக்கம் வரவில்லை. அங்கே விழுங்கியதை இங்கே எழுதுகிறேன். அண்ணன் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான். படிக்கட்டும்.

புதிதாக வருபவர்களுக்காக ஒரு வரி. மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு 1992 முதல் 2018 வரை குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்தேன். படுக்கை வார்டு கிடையாது, புறநோயாளிப் பிரிவு மட்டும். எந்த நிறுவனம் என்று எழுதமாட்டேன். இப்போது அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்களுக்குத் தலைவலி வேண்டாம். வாசலில் 'கவுன்சிலர்' என்று என் பெயருக்குக் கீழே ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அள்ளவில்லை என்று மனுவோடு வந்தவர்கள் உண்டு. ஒருமுறை நகராட்சிக்குப் போய்ச் சொல்லி ஒரு தெருவிளக்கை எரியவும் வைத்தேன். என் சர்வீஸில் உடனே பலன் தெரிந்த வேலை அது ஒன்றுதான் என்று கணவர் கிண்டல் செய்வார்.

சரி, அண்ணன் சொன்னதற்கு வருகிறேன்.

'பூட்டி வை' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பூட்டைத் திறந்த மறுநாள் அந்த ஆள் எங்கே போவார்? அதே வீடு, அதே ஜீப், அதே சம்பளச் சனிக்கிழமை, அதே கடை. ஆறு மாதம் வார்டில் இருந்தவருக்கும் ஏழாவது மாதம் ஓ.பி. வேண்டும். வார்டு என்பது முதல் பத்து நாள், பதினைந்து நாள் ஆபத்தைக் கடக்க. வலிப்பு வந்தவர், ஏற்கெனவே பிதற்றல் நிலைக்குப் போனவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர், இவர்களுக்கெல்லாம் அது கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் குடிக்காமல் வாழக் கற்றுக்கொள்வது ஊருக்குள் இருந்துகொண்டுதான் நடக்க முடியும். புறநோயாளிச் சிகிச்சையை வார்டு கட்டக் காசில்லாதவன் செய்யும் மலிவு வைத்தியம் என்று நினைப்பது தப்பு. வார்டில் படுத்தவருக்கும் படுக்காதவருக்கும் நெடுநாள் வைத்தியம் அதுதான்.

பிறகு ஏன் அது தோற்கிறது? தோற்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் பதிவேடுகளே சாட்சி. ஆனால் அதற்கு அண்ணன் சொல்லும் காரணம் குடிப்பவனின் திமிர். என் காரணம் வேறு. போடியில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் தனித் திறமை வேண்டும்.

காலை ஐந்தரை மணிக்கு எழுந்து ரோட்டுக்கு வந்து பாருங்கள். ராசிங்காபுரம், சில்லமரத்துப்பட்டி, தேவாரம், மேலச்சொக்கநாதபுரம் என்று ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும். உள்ளே உட்கார்ந்தவர்கள் பாதி, தொற்றிக்கொண்டு நிற்பவர்கள் மீதி. முந்தல் சோதனைச் சாவடி தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தம்பாறை, ராஜகுமாரிப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். பெண்கள் காய் எடுக்க. ஆண்கள் கவாத்து, மருந்தடிப்பு, மூட்டை, ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலைக்கு. திரும்பி வீடு வந்து சேர இருட்டிவிடும். போடியில் ஏலம் கூறப்படும் காயின் மணம் ஊரெல்லாம் வீசுகிறது என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் காயைத் தொட்ட கைகளின் கால அட்டவணை இது.

எங்கள் ஓ.பி. நேரம் என்ன தெரியுமா? திங்கள் முதல் வெள்ளி, காலை ஒன்பது முதல் மதியம் ஒன்று. குடிநோய்க்கு மருத்துவர் வருவது புதன்கிழமை மட்டும்.

கடையின் நேரம்? 2003ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்தது. காலை பத்து முதல் இரவு பத்து வரை என்று பல ஆண்டுகள் இருந்தது. 2016 மே மாதம் அதை மதியம் பன்னிரண்டு முதல் என்று மாற்றினார்கள். ஐந்நூறு கடை மூடப்பட்டதும் அப்போதுதான். பாராட்டினோம். ஆனால் ஒரு கூலித் தொழிலாளி மலை இறங்கி வரும் மாலை ஆறரை, ஏழு மணிக்கு எது திறந்திருந்தது, எது பூட்டியிருந்தது? ஞாயிற்றுக்கிழமை, கையில் சம்பளத்தோடு அவர் ஊரில் இருக்கும் ஒரே பகலில், எது திறந்திருந்தது? விற்பவருக்கு அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று தெரிந்திருக்கிறது. வைத்தியம் செய்யும் எங்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்தும் எங்கள் வசதிக்கு நாங்கள் நேரம் வைத்தோம்.

புதன்கிழமை ஓ.பி.க்கு வர ஒரு நாள் கூலி போக வேண்டும். கூலி போவதோடு நிற்காது. ஜீப்பில் அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். கங்காணியிடம் வாங்கிய அட்வான்ஸ் இருக்கும், அவர் முகம் கோணும். அப்போது இருந்த 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் ஏலத் தோட்டமும் அடங்கியிருந்தது, நோய்க்கால உதவித்தொகை என்று ஒரு பிரிவும் அதில் இருந்தது. தினமும் ஜீப்பில் ஏறிப் போய் இறங்கி வரும் ஆளிடம் அந்தச் சட்டத்தைச் சொன்னால் சிரித்திருப்பார். என்னிடம் சிரித்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது டாக்டர்களே சில சமயம் யோசிக்காதது. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது, மூன்றாவது நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள். உயிர் போகும் ஆபத்து உண்டு. இதைத் தடுக்க ஏறத்தாழ ஒரு வாரம், படிப்படியாகக் குறைத்து, குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையும், பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். ஓ.பி.யில் தாராளமாகச் செய்யலாம், வீட்டில் ஒருவர் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வேளைக்குக் கொடுத்தால். இந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் சமூகப் பணியாளரின் முதல் வேலை. யார் அந்த ஒருவர்? மனைவி. அவரும் ஐந்தரை மணி ஜீப்பில் போகிறவர். மதிய வேளை மாத்திரை? அந்த மாத்திரை தூக்கக் கலக்கம் தரும். கவாத்துக் கத்தியோடு சரிவில் நிற்கிற ஆளுக்குத் தூக்கக் கலக்கம் வந்தால் என்ன ஆகும்? ஆகவே ஒரு வாரம் இருவரும் வேலைக்குப் போகக் கூடாது. "ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க" என்று சீட்டில் எழுத எங்களுக்கு அரை நிமிடம். அந்த வாரத்து அரிசிக்கு யாரிடம் கடன் கேட்பது என்று அவர்கள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கவாத்து வேலையில் கெட்டிக்காரர், அதனால் கவாத்துக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். நாற்பது வயது இருக்கும். ஒரு பிப்ரவரி மாதம், காய் எடுப்பு ஓய்ந்திருந்த நேரம், மனைவியோடு வந்தார். ஏன் குடிக்க ஆரம்பித்தீர்கள் என்ற கேள்வியை நான் பல வருடங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டேன். அதற்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்: குளிர், அட்டைக் கடி, மருந்தடிச்ச நாத்தம் போகல. எல்லாம் உண்மைதான், எதுவும் முழு உண்மை இல்லை. என்றைக்கு விடலாம் என்று தோன்றியது என்று கேட்பேன். அவர் சொன்னார்: "ஸ்கூல்ல பேப்பர்ல கையெழுத்துப் போடச் சொன்னாங்க டீச்சர். கை ஆடிச்சு. மக பாத்துச்சு. அது ஒண்ணும் சொல்லல." (அங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்தான். ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை.)

ஒரு வாரம் கடன் வாங்கி உட்கார்ந்தார்கள். அந்தம்மா வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தார். பிறகு வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று வந்தார்கள். ஐந்து மாதம். எங்கள் கணக்கில் இது பெரிய விஷயம். கை நடுக்கம் நின்றது, முகம் தெளிந்தது. ஒருமுறை கொஞ்சம் காய் கொண்டு வந்தார். வாங்கக் கூடாது என்று விதி. வாங்கிக்கொண்டேன்.

ஜூலை முடிந்து சீசன் தொடங்கியது. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை அவர் வரவில்லை. அந்தம்மா மட்டும் வந்தார், அரை நாள் கூலியை விட்டுவிட்டு. "மருந்தடிப்பு நடக்குது டீச்சர், விட மாட்டேங்கறாக. மாத்திரைய எங்கிட்டக் குடுங்க." நோயாளி நேரில் வந்தால்தான் மருந்து. அது எங்கள் விதி. எதற்காக வைத்த விதி என்று எனக்கும் தெரியும், அந்த மாத்திரையை விற்கிறவர்கள் உண்டு. ஆனால் ஆறு மாதமாகப் பார்க்கிற குடும்பம். மருந்து கொடுக்கும் ஜன்னலில் முடியாது என்றார்கள். நான் எழுந்து போய் எனக்காகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். "அடுத்த புதன் அவரையே கூட்டிட்டு வாங்கக்கா" என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த புதன் வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர அனுமதி கேட்டேன். அந்த மாதப் பயணப் படி தீர்ந்துவிட்டது என்று மேலே இருந்து பதில் வந்தது. பஸ்ஸுக்கு என் கைக்காசைப் போட்டுப் போயிருக்கலாம், ஒன்றும் பெரிய தொகை இல்லை. முன்பு அப்படிப் போனதும் உண்டு. அந்த வருடம் எனக்கே நான்கு மாதச் சம்பளம் வந்திருக்கவில்லை. மானியம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். சலிப்பில் இருந்தேன். போகவில்லை. மூன்று முறை வராவிட்டால் பதிவேட்டில் 'டிராப் அவுட்' என்று எழுத வேண்டும். சிவப்பு மையில் எழுதினேன்.

அந்த வருடக் கார்த்திகையில் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் முகத்தைப் பார்த்தேன்.

பதினாறாம் நாள் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். செப்டம்பரில் மறுபடி ஆரம்பித்திருக்கிறார். முன்பைவிட அதிகம். கடைசியில் ரத்த வாந்தி. அந்தம்மா என்னைத் திட்டவில்லை. உள்ளே போய் சாமி படத்துக்குப் பின்னால் இருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து கொடுத்தார். ஓ.பி. அட்டை. மடங்காமல், கசங்காமல் இருந்தது. கடைசியாக நான் எழுதிக் கொடுத்த தேதி அதில் இருந்தது. "அவரு வரணும்னுதான் இருந்தாரு டீச்சர். தேதிதான் புதங்கெழமையில விழுந்துருச்சு" என்றார்.

அண்ணனுக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அந்த அட்டைதான். இது ஒரு வீட்டுக் கதை என்று அவர் சொல்லலாம். சரி, நாடு முழுவதும் எடுத்துக்கொள்வோம். எய்ம்ஸின் தேசிய போதை சார்பு சிகிச்சை மையம் மத்திய அரசுக்காக எடுத்த கணக்கெடுப்பு 2019ல் வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். படுக்கையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மீதி 37 பேருக்கும் திமிரா? பூட்டி வைக்கச் சொல்கிறீர்களே, எத்தனை கட்டிடம் கட்டுவீர்கள்? டாஸ்மாக்கில் இருந்து அரசுக்கு வருடத்துக்கு 45,000 கோடிக்கு மேல் வருகிறது. நான் கட்டிடம் கேட்கவில்லை. சமூகப் பணியாளருக்குப் பஸ் காசு கேட்கிறேன்.

பூட்டி வைக்கும் வைத்தியத்தையும் பார்த்தவள் நான். மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில், வீட்டில் படுத்திருப்பவரை நாலு பேர் வந்து வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். அடி உண்டு. இப்படிச் செய்யக் கூடாது, செய்தால் குற்றம் என்று சொல்ல 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, குடிநோயும் அதன் கீழ் வரும். அங்கிருந்து வந்தவர்கள் எங்களிடம் வந்தால் முதல் ஒரு மாதம் நம்பிக்கையைச் சம்பாதிக்கவே போய்விடும். கதவைச் சாத்தினாலே திரும்பிப் பார்ப்பார்கள்.

இதன் தங்கைதான் 'தெரியாமல் கலந்து கொடுக்கும்' மருந்து. சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று சுவர் எழுத்து, பஸ்ஸில் நோட்டீஸ். படித்த வீடுகளில்கூட என்னிடம் கேட்பார்கள். டைசல்பிராம் என்ற மருந்து உண்டு, 1940களின் கடைசியில் இருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுகிறவருக்கு அது ஒரு வேலி. தெரியாமல் சாப்பிடுகிறவர் வழக்கம்போலக் குடித்தால் உயிரே போகலாம். பாயசத்தில் கலந்து கொடுத்துவிட்டு, அவர் மயங்கி விழுந்ததும் அலறிக்கொண்டு ஓடி வந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். நல்லவேளை, பிழைத்தார். அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகலில் வேலைக்குப் போகிறவர் எங்கே போய் டாக்டரைக் கேட்பார்?

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடை குறைய வேண்டும், எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 2020 மார்ச் கடைசியில் ஒரே நாளில் எல்லாம் மூடியதே, அப்போது நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம். என் பழைய நம்பருக்கு ராத்திரியில் போன் வந்தது. "டீச்சர், கை கால் இழுக்குது." "டீச்சர், இவரு சுவத்தப் பாத்துப் பேசுறாரு." மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சிலர் தற்கொலையே செய்துகொண்டார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அந்த அரசு மார்ச் 30ல் உத்தரவு போட்டது. டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர் நீதிமன்றம் ஏப்ரல் 2ல் தடை போட்டது. சரக்கை நிறுத்துவது ஒரு ராத்திரி வேலை. நிறுத்திய மறுநாள் காலையில் ஆள் வேண்டும், மாத்திரை வேண்டும், வீட்டு வாசல்வரை போகிறவர் வேண்டும். அது ஒரு ராத்திரியில் வராது.

எங்கள் வேலையை மேலே எப்படி அளந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத அறிக்கையில் முதல் கட்டம் 'புதிய பதிவு'. அந்த எண் குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். ஆறு மாதம் குடிக்காமல் இருப்பவர் எத்தனை பேர் என்ற கட்டம் நாலாவது பக்கத்தில் இருக்கும். அதை யாரும் கேட்டதில்லை. கேட்காததற்கு யார் நேரம் செலவழிப்பார்கள்? புதிய பதிவுக்கு ஒரு சுலப வழி உண்டு. பள்ளிக்கூடத்தில், சமுதாயக் கூடத்தில் விழிப்புணர்வு முகாம் போட்டு, பேனர் கட்டி, வந்தவர் பெயரை எல்லாம் எழுதிக்கொள்வது. ஜூன் 26, போதை ஒழிப்பு நாள், ஊர்வலம் போவோம். பள்ளிப் பிள்ளைகள் வெயிலில் கோஷம் போடுவார்கள். ஊர்வலம் போகும் தெருவில் குடிநோயாளி ஒருவரும் இருக்கமாட்டார். அவர் மலையில் காய் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார். ஊர்வலத்துக்கு வேன் கிடைக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்க்க பஸ் காசு கிடைக்காது.

வேறு மாதிரி செய்ய முடியாதா? முடியும், செய்திருக்கிறார்கள். சாந்தி ரங்கநாதன் அம்மா 1980ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, பத்து வருடம் ஆவதற்குள் காவிரிப் பக்கத்து மஞ்சக்குடிக்குப் போய் ஊருக்குள்ளேயே பதினைந்து நாள் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்தது. ஊர்க்காரர்களே பொறுப்பேற்று நடத்த, முகாம் முடிந்தபின் மாதக்கணக்கில் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். இந்த முகாம் வேறு, நாங்கள் பேனர் கட்டிய முகாம் வேறு. ஏ.ஏ. கூட்டங்களைப் பாருங்கள். நடத்துகிறவர்கள் ஒருகாலத்தில் தாங்களே குடித்தவர்கள், அதனால் பெரும்பாலும் வேலை முடிந்து வரும் மாலையில்தான் கூட்டம் வைப்பார்கள். அந்த நேரம்தான் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் நேரம் என்று அவர்களுக்குத் தெரியும்.

நாங்களும் ஒருமுறை செய்து பார்த்தோம். கவாத்துக்காரர் போன அடுத்த வருடம். நானும், உடன் வேலை பார்த்த ஒரு செவிலியரும். மருத்துவர் ஒருவர் பெரிய மனதோடு சேர்ந்துகொண்டார். ஜீப்புகள் நிற்கும் ரோட்டை ஒட்டி ஒரு தெரிந்தவர் ஏலக்காய் மூட்டை அடுக்கும் அறையைச் சும்மா கொடுத்தார். ஞாயிறு காலை ஏழு முதல் பத்து. பலகை கிடையாது. முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் மூட்டை எடுக்க வந்தவர். இரண்டாவது மாதம் மனைவிமார் பிள்ளைகளோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். ஒரு கங்காணியே தன் தம்பியைக் கூட்டி வந்தார். அவரிடம் பேசி, ஒரு வாரம் வேலைக்கு வராவிட்டாலும் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கமாட்டேன் என்று நாலு பேருக்கு வாக்கு வாங்கினேன். இருபத்தாறு வருடத்தில் நான் செய்த ஒழுங்கான சமூகப் பணி என்றால் அந்த வாக்கைத்தான் சொல்வேன். நாலாவது மாதம் அறை கொள்ளவில்லை. ஏல வாசத்தில் எல்லோருக்கும் தும்மல் வேறு.

ஐந்தாவது மாதம் மேலே தெரிந்துவிட்டது. விடுமுறை நாளில், அனுமதியில்லாத இடத்தில், மருந்து கொடுத்தது விதிமீறல் என்று விளக்கம் கேட்டார்கள். மருத்துவருக்குச் சிக்கல் வரும் என்று பயந்து நிறுத்தினோம். விதியை மாற்றி ஞாயிறு ஓ.பி.யை முறையாக்குங்கள், பதிலுக்கு வாரத்தில் ஒரு நாள் மூடுங்கள், கூடுதல் சம்பளம்கூட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு சீல் வைத்த நகல் என்னிடம் இருக்கிறது. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அறைக்காரர், "அடுத்த ஞாயித்துக்கெழம வந்தவகளுக்கு என்னம்மா சொல்றது?" என்று கேட்டார். ஆள் வந்தால் புதன்கிழமை வரச் சொல்லுங்கள் என்றேன்.

அந்தப் பழைய நகலோடு புதிதாக ஒரு மனு எழுதியிருக்கிறேன். இரண்டு பக்கம்தான். போடியிலும் தேவாரத்திலும் ஞாயிறு காலையிலோ வாரத்தில் இரண்டு நாள் மாலையிலோ குடிநோய் ஓ.பி., சமூகப் பணியாளர் வீடு தேடிப் போகப் பயணப் படி, ஆறு மாதக் கணக்கை முதல் பக்கத்தில் கேட்கும் அறிக்கை. தேனி கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள் திங்கட்கிழமை. வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வர முடியாது. நான் ரிட்டையர் ஆனவள், காலை பஸ்ஸில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அண்ணனுக்கும் இப்போது வேலை ஒன்றுமில்லை. வருவாய்த் துறையில் இருந்தவர், எந்த மேஜையில் கொடுத்தால் மனு தொலையாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வரச் சொல்லிப் போன் போட்டிருக்கிறேன்.